கிரியாட்டினின் மட்டும் கேட்டால் போதுமா? கிட்னி நோயில் வரும் தசை, மூட்டு வலிகள்

வடசென்னையில் ஒருவருக்குக் கிட்னியில் கோளாறு என்று தெரிந்துவிட்டால் அக்கம்பக்கத்தில் முதலில் வரும் கேள்வி, "கிரியாட்டினின் எவ்ளோ இருக்கு?" என்பதுதான். ராயபுரமோ, கொருக்குப்பேட்டையோ, வியாசர்பாடியோ, சர்க்கரையும் பிரஷரும் தெருவுக்குத் தெரு இருப்பதால் அந்தச் சொல் எல்லோருக்கும் பழகிவிட்டது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தப் பரிசோதனையில் வரும் எண் அது. ஏறினால் கவலை, இறங்கினால் நிம்மதி. அதே மனிதர் "முட்டி குடையுது, மாடி ஏற முடியல, ராத்திரியில கால் இழுக்குது" என்று சொன்னால், "வயசாயிடுச்சில்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வலி தாங்காவிட்டால் தெருமுனை மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை.

இந்த வலிகள் எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டிவிட முடியாது. கிட்னி சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகள் நின்றுபோவதால் நேரடியாக வருபவை இதில் பல. அவையும் ஒரே வகை இல்லை. தசை கரைவது வேறு, எலும்பு நோவது வேறு, யூரிக் அமிலம் மூட்டில் படிவது வேறு, டயாலிசிஸ் நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து இழுப்பது வேறு. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது. சில நேரம் கெடுதலும் செய்யும்.

அந்த செட் மாத்திரையிலிருந்தே தொடங்கலாம். பெரும்பாலும் அதில் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் இருக்கும், கூடவே ஒரு பாராசிட்டமால், வயிற்றுக்கு ஒரு மாத்திரை. சில இடங்களில் கேட்காமலே ஸ்டீராய்டும் சேரும். கிட்னிக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாய்களை விரித்து வைத்திருப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. வலி மாத்திரை அவற்றை அடக்குகிறது. வலி குறைகிறது, கூடவே கிட்னிக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. நல்ல கிட்னி இதைச் சமாளித்துவிடும். ஏற்கெனவே பாதி பழுதான கிட்னி, அதுவும் டெல்மிசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் எடுத்துக்கொள்பவரின் கிட்னி, ஒரு வாரத்திலேயே படுத்துவிடலாம். அதுவும் துறைமுகத்திலோ மீன் ஏலத்திலோ மூட்டை தூக்குகிறவர், சித்திரை வெயிலில் வேர்த்து நீர் வற்றிய உடம்போடு இதைப் போட்டால் ஆபத்து இரட்டிப்பு.

இந்த இடத்தில் பாறு கழுகுகளைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. 2006-ல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பதை இந்தியா தடை செய்தது. அந்த மருந்து கொடுக்கப்பட்டு இறந்த மாடுகளைத் தின்ற கழுகுகள் கிட்னி செயலிழந்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்து, கூட்டம் கூட்டமாகச் செத்துப்போனதுதான் காரணம். பறவையின் உடம்பும் நம் உடம்பும் ஒன்றல்ல என்பது சரி. ஆனால் மாட்டுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய மருந்தை கிட்னி நோயாளிக்குச் சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுக்கிறோம் என்பதும் உண்மை.

கிட்னி நோயாளிக்குச் சாதாரண வலிக்கு முதலில் மருத்துவர்கள் யோசிப்பது பாராசிட்டமால்தான், அளவோடு. வலிக்கிற இடத்தில் தடவும் களிம்பைக்கூட கேட்டுவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. அதிலும் அதே டைக்ளோஃபினாக் இருக்கும், பரவலாகப் பூசினால் கொஞ்சம் ரத்தத்துக்குள் போகும். நரம்பு வலிக்குக் கொடுக்கும் ப்ரீகாபலின், கேபாபென்டின், தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பாக்லோஃபென் மூன்றும் கிட்னி வழியாக வெளியேறுபவை. வெளியேறாமல் தேங்கினால் தூக்கக் கலக்கம், தள்ளாட்டம், உளறல் வரும். "அப்பா ரெண்டு நாளா ஒரு மாதிரி பேசுறாரு" என்று அலறியடித்துக்கொண்டு தூக்கிவரும் குடும்பங்கள், புதிதாகச் சேர்ந்த மாத்திரை எது என்று முதலில் பார்ப்பது நல்லது.

தசை கரையும்போது எண் பொய் சொல்லும்

கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகம் இருந்தால் அது அதிகம் உண்டாகும், தசை கரைந்தால் குறைவாக உண்டாகும். ஆகவே சாப்பாடு குறைந்து, படுக்கையோடு படுக்கையாகி, தொடையும் புஜமும் வற்றிப்போனவருக்குக் கிரியாட்டினின் இறங்கினால் அது கிட்னி தேறியதற்கு அடையாளம் என்று சொல்லிவிட முடியாது. டயாலிசிஸில் இருப்பவர்களிடம் ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் சற்று முன் எடுக்கும் கிரியாட்டினின் மிகக் குறைவாக இருப்பது பெரும்பாலும் உடம்பு தேய்வதைத்தான் காட்டுகிறது. தெரு முழுக்க இந்த ஒரு எண்ணை வைத்தே ஆறுதல் சொல்வது எனக்குச் சங்கடமாக இருப்பது இதனால்தான். தசையைப் பெரிதாகச் சார்ந்திராத சிஸ்டாட்டின்-சி என்ற பரிசோதனை இருக்கிறது. மெலிந்துபோனவர்களுக்கு மருத்துவர் அதைக் கேட்பதுண்டு.

தசை ஏன் கரைகிறது? பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. கிட்னி அமிலத்தை வெளியேற்றாததால் ரத்தத்தில் பைகார்பனேட் 22-க்குக் கீழே இறங்கும். அந்த அமிலத்தன்மை தசைப் புரதத்தை உடைக்கத் தூண்டும். கழிவு தேங்குவதால் வாய் கசந்து பசி போகும். உடம்பில் அழற்சி எந்நேரமும் லேசாகப் புகைந்துகொண்டிருக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஒவ்வொரு டயாலிசிஸிலும் சில கிராம் அமினோ அமிலம் கழிவோடு வெளியே போகும். எல்லாவற்றுக்கும் மேல், அசைவே இல்லை.

உணவு விஷயத்தில் நம் ஊரில் நடக்கும் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் "கறி, பருப்பு குறைங்க" என்று சொல்லியிருப்பார்கள். அது அந்தக் கட்டத்துக்குச் சரி. டயாலிசிஸ் தொடங்கிய பிறகு கணக்கு தலைகீழாகிவிடும்: எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 72 கிராம். பழைய பயத்திலேயே ரசம் சாதமும் அப்பளமும் என்று ஓட்டுபவருக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது. முட்டையின் வெள்ளைக்கரு இவர்களுக்கு நல்ல உணவு. புரதம் உண்டு, பாஸ்பரஸ் மிகக் குறைவு. காசிமேட்டிலிருந்து வரும் பச்சை மீனும் நல்லதுதான். அதே மீன் கருவாடானால் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

தசை எந்த அளவுக்குப் போய்விட்டது என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் அசையாமல் போடுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். ஆசியர்களுக்காக 2019-ல் வகுத்த வரையறைப்படி 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் திறன் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். டெய்லர் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த பகுதியை அளப்பது இன்னொரு வழி. ஆணுக்கு 34 செ.மீ.க்கும் பெண்ணுக்கு 33 செ.மீ.க்கும் குறைவென்றால் கவனிக்க வேண்டும். காலில் நீர் கோத்து வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றும், அப்போது நாற்காலிதான் துணை.

பாஸ்பரஸும் பாயாவும்

எலும்பு விவகாரம் கொஞ்சம் சுற்றி வளைத்துப் போகும், பொறுமை வேண்டும். வெயிலிலும் உணவிலும் கிடைக்கும் வைட்டமின் டி அப்படியே வேலை செய்யாது. கல்லீரலில் ஒரு மாற்றம், பிறகு கிட்னியில் இன்னொரு மாற்றம் அடைந்தால்தான் அது முழு வீரியம் பெறும். கிட்னி பழுதானால் அந்தக் கடைசி மாற்றம் நடக்காது. குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. மறுபக்கம் பாஸ்பரஸ் சிறுநீரில் போகாமல் ரத்தத்தில் ஏறும். இதையெல்லாம் பார்த்து, கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் அரிசி அளவு பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனைக் கொட்டத் தொடங்கும். பி.டி.எச். என்று ரிப்போர்ட்டில் வருவது அதுதான். அது எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை ரத்தத்துக்கு எடுத்துக் கொடுக்கும். ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் எலும்பு பலவீனமாகும். இடுப்பிலும் முதுகிலும் காலிலும் மந்தமான வலி, நிற்கும்போது கூடும். சின்னத் தடுமாற்றத்தில் இடுப்பு முறியும்.

இதே கோளாறு இடுப்பையும் தோளையும் ஒட்டிய பெரிய தசைகளையும் தளர்த்தும். பாதத்தில் பலம் இருக்கும், தொடையில் இருக்காது. இந்தியன் டாய்லெட்டிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு எழுவார். லிஃப்ட் இல்லாத புளியந்தோப்பு வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்குப் போக, கைப்பிடியைப் பற்றி உடம்பையே இழுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவார். மூச்சு வாங்குவதால் நிற்கிறாரா, தொடை தூக்க முடியாமல் நிற்கிறாரா என்று வீட்டார் கவனித்துச் சொன்னால் மருத்துவருக்கு அது பெரிய துப்பு. பி.டி.எச். பல காலம் மிக அதிகமாக இருந்தவர்களுக்குத் தசைநார்களே பலவீனமாகி, படியில் கால் இடறிய மாத்திரத்தில் முழங்காலுக்கு மேலுள்ள தசைநார் அறுந்துபோவதும் உண்டு. திடீரென்று காலை நீட்டவே முடியவில்லை என்றால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ரத்தத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் கட்டுமீறினால் அவை எலும்புக்குப் போகாமல் ரத்தக்குழாய்ச் சுவரிலும் மூட்டைச் சுற்றியும் படியும். உப்புப் போர் தண்ணீர் ஓடும் வீட்டுக் குழாயில் வெள்ளையாகப் படிந்து அடைக்குமே, அது மாதிரி. இங்கேதான் நல்லெண்ணத்தில் செய்யும் தப்புகள் வருகின்றன. எலும்பு நோகிறதென்று தானே கால்சியம் மாத்திரை வாங்கிப் போடுவது, யாரோ சொன்னார்களென்று 6 லட்சம் யூனிட் வைட்டமின் டி ஊசி போட்டுக்கொள்வது, இரண்டும் கிட்னி நோயாளியின் ரத்தத்தில் கால்சியத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடலாம். கிட்னி மருத்துவர் கால்சியம் எழுதித் தந்திருந்தால் பல சமயம் அதன் வேலையே வேறு: சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துக் கழிவில் அனுப்புவது. அதனால்தான் அதைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். ராத்திரி மற்ற மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் முழுங்கினால் அந்த வேலை நடக்காது. பாஸ்பரஸைப் பிடிக்கும் இன்னொரு மருந்தான செவலமர் மாத்திரைக்கும் இதே விதிதான்.

அப்புறம் பாயா. "காலுக்கு பலம்" என்று ஆட்டுக்கால் வாங்கி, சுட்டு, மணிக்கணக்காக வேகவைத்து, அம்மா கையால் கிண்ணத்தில் வரும். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் எலும்புச் சாற்றில் இறங்கும் கால்சியம் சொற்பம். அதிலுள்ள ஜெலட்டினில் டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் இல்லாததால் தசை வளரவும் அது தனியாக உதவாது. மிஞ்சுவது உப்பும் ருசியும். ஆசைக்கு எப்போதாவது கொஞ்சம் என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். மருந்தென்று தினமும் ஊற்றிக்கொடுப்பதில் பயனில்லை. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் பாஸ்பரஸும் சேர்ந்தே வரும். கறுப்பு கோலா பானங்களிலும் பாக்கெட் இறைச்சியிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் இன்னும் மோசம், ஏறக்குறைய முழுவதும் உடம்பில் ஏறிவிடும். பருப்பு, பயறுகளில் உள்ளதில் கணிசமான பங்கு உறிஞ்சப்படாமலே போய்விடும்.

பி.டி.எச். எண்ணைப் பார்த்தும் பயந்துவிட வேண்டியதில்லை. டயாலிசிஸில் இருப்பவருக்கு இயல்பு வரம்பின் உச்சத்தைப் போல 2 முதல் 9 மடங்குக்குள் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். அதையும் மீறி ஏறிக்கொண்டே போனால் அதைக் குறைக்கும் சினகால்செட் போன்ற மருந்து, அதற்கும் அடங்காவிட்டால் அந்தச் சுரப்பிகளை அகற்றும் அறுவை சிகிச்சை.

கட்டைவிரலும் கெண்டைக்காலும்

நள்ளிரவில் கால் கட்டைவிரல் சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் அது கவுட். யூரிக் அமிலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கிட்னி வழியாகத்தான் போக வேண்டும். போகாவிட்டால் ரத்தத்தில் ஏறும், டெசிலிட்டருக்கு 6.8 மி.கி. தாண்டினால் படிகமாகி மூட்டில் தங்கும். நீர் மாத்திரை இதை ஏற்றிவிடும், பீரும் ஏற்றும். வலி உச்சத்தில் இருக்கும் நாளில் பரிசோதித்தால் யூரிக் அமிலம் சரியாகவே காட்டலாம், அதை நம்பி கவுட் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. சிகிச்சையிலும் கவனம் தேவை. கவுட் வலியை அடக்கும் கால்சிசினைக் கிட்னி நோயாளிக்கு அளவு குறைத்துத்தான் தர முடியும். தேங்கினால் அதுவே தசையைப் பலவீனப்படுத்தும், கொழுப்பு மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் கூடுதல். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். ஆரம்ப வாரங்களில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒற்றை மூட்டு சூடாக வீங்கிக் காய்ச்சலும் அடித்தால் கவுட் என்று தானே முடிவு கட்டக் கூடாது. மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். ஊசியால் நீர் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்பவருக்குக் காய்ச்சலோடு முதுகு வலி வந்தால் முதுகெலும்பில் கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கை காலெல்லாம் திடீரென்று துவண்டுபோனால் பொட்டாசியம் ஏறியிருக்கலாம், இதயமே நின்றுவிடும் அபாயம் அதில் உண்டு. வெயில் என்று இரண்டு இளநீர் குடித்துவிட்டு வந்தவரிடம் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டயாலிசிஸ் கட்டிலில் கடைசி மணி நேரத்தில் வரும் இழுப்பு வேறு ரகம். கெண்டைக்கால் கல் மாதிரி திரண்டு, பாதம் கீழ்நோக்கி வளைந்து, பெரிய ஆளும் கத்திவிடுவார். குறுகிய நேரத்தில் உடம்பிலிருந்து அதிக நீரை உறிஞ்சுவது இதற்கு முக்கியக் காரணம். எடையில் கிலோவுக்கு, மணிக்கு 13 மில்லிக்கு மேல் நீர் எடுப்பது நல்லதல்ல என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 4 மணி நேரத்தில் அது சுமார் 3 லிட்டர். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே 4 கிலோ ஏறி வந்தால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரிகிறதல்லவா? ஏறும் எடைக்குப் பின்னால் தண்ணீரைவிட உப்புதான் பெரிய குற்றவாளி. ஒரு துண்டு வஞ்சிரக் கருவாடு, அதைத் தொட்டுக்கொண்டு பழைய சோறு, ஊறுகாய். அதற்குப் பிறகு தாகத்தை அடக்கு என்றால் யாரால் முடியும்? தண்ணீரை அளந்து குடி என்று திட்டுவதைவிடக் கருவாட்டை நிறுத்துவது மனிதத்தன்மை உள்ள வழி.

எடை அதிகம் ஏறாமலே ஒவ்வொரு முறையும் இழுத்தால் ட்ரை வெயிட், அதாவது கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை என்று குறித்த இலக்கு, தவறாக இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டுச் சதை பிடித்தவருக்குப் பழைய எடையையே இலக்காக வைத்தால், இல்லாத நீரை எந்திரம் உறிஞ்சும். "சார், என் ட்ரை வெயிட்டைத் திரும்பப் பாருங்க" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. இழுக்கும் நேரத்தில் பாதத்தை முழங்கால் பக்கம் மடக்கிப் பிடித்தால் தசை தளரும். நர்ஸைக் கூப்பிட்டால் நீர் எடுக்கும் வேகத்தைக் குறைப்பார்.

பல ஆண்டு டயாலிசிஸுக்குப் பிறகு

பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறிய புரதத்தை நல்ல கிட்னி அன்றன்றைக்கு அகற்றிவிடும். சாதாரண டயாலிசிஸ் வடிகட்டியில் அது போகாது. ஆண்டுகள் ஓட ஓட அது நார்நாராகத் திரண்டு மூட்டிலும் தசைநாரிலும் படியும். அந்தப் படிவு இந்தப் புரதத்தால் ஆனது என்று 1985-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தோள்கள் வலிக்கும், படுத்தால் இன்னும் வலிக்கும். மணிக்கட்டில் நரம்பு நெரிந்து பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும். வலை பின்னுகிறவருக்கு ஊசி நழுவும், பூ கட்டுகிற அம்மாவுக்கு நார் கைக்குள் நிற்காது. ராத்திரி எழுந்து கையை உதறுவார்கள். சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்கும், இரண்டு பக்கமும் இருக்கும். விரல்களில் மட்டும், அதிலும் சுண்டுவிரலை விட்டுவிட்டு மரத்தால் மணிக்கட்டைச் சந்தேகிக்கலாம். பெரிய துளைகள் கொண்ட ஹை-ஃப்ளக்ஸ் வடிகட்டி இந்தப் புரதத்தை ஓரளவு வெளியேற்றும். நெரிந்த நரம்பைச் சின்ன அறுவை சிகிச்சையால் விடுவிக்கலாம். பெருவிரல் அடிச்சதை வற்றும்வரை காத்திருக்கக் கூடாது. கை அறுவை சிகிச்சைக்கென்றே நாடறிந்த பிரிவு வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இருப்பது நம் பகுதிக்காரர்களின் அதிர்ஷ்டம்.

ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த கையை அசைக்கவே பயந்து மடியிலேயே வைத்திருப்பவர்கள் பலர். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, பாரம் தொங்கவிடக் கூடாது. ஆனால் தோளைச் சுழற்றலாம், விரலை மடக்கலாம். அசையாத தோள் உறைந்துவிடும், சர்க்கரை உள்ளவருக்கு அது சீக்கிரம் நடக்கும். டயாலிசிஸின் முதல் இரண்டு மணி நேரத்தில் படுத்தபடியே கால் பயிற்சி செய்வதும் பல நாடுகளில் வழக்கமாகி வருகிறது. இழுப்பும் ரத்த அழுத்தச் சரிவும் பெரும்பாலும் பிற்பாதியில் வருவதால்தான் அந்த நேரக் கணக்கு. வெளியே போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். பலருக்கு அதில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கிடைப்பது தெரிந்திருக்கிறது, இது தெரியவில்லை.

எலும்பு மருத்துவரிடம் போகும்போது கிட்னி ஃபைலையும் கையோடு எடுத்துப்போக வேண்டும். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். "நான் டயாலிசிஸ் பேஷண்ட்" என்பதை முதல் வாக்கியமாகச் சொன்னால் எழுதும் மாத்திரையே மாறும்.

கிட்னி மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தவருக்கும் மூட்டுக் கணக்கு தீர்ந்துவிடுவதில்லை. தோள் வலி பலருக்குச் சட்டென்று குறையும், படிந்த புரதம் மட்டும் சுலபத்தில் போகாது. புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்காமலிருக்கத் தரும் சைக்ளோஸ்போரின் யூரிக் அமிலத்தை ஏற்றும். ஸ்டீராய்டு தொடைச் சதையைத் தளர்த்தும். சிலருக்கு இடுப்பு மூட்டின் பந்துக்குப் போகும் ரத்தம் நின்று அந்த எலும்பே செத்துப்போகும். அந்த வலி தொடை இடுக்கில் தொடங்கி, சிலருக்கு முழங்காலில் தெரியும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும் என்பதால், எக்ஸ்ரே நார்மல் என்று சொன்ன பிறகும் இடுக்கு வலி தொடர்ந்தால் கிட்னி மாற்று அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடமே திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும்.